அங்குலத்துக்கு எத்தனை புள்ளி

பெர்சிஸ் ஜெயசீலிக்கு அநியாயம் செய்துவிட்டார்கள், அக்கா. ஒரு சின்னப் புள்ளியின் பின்னாலேயே இத்தனை வருஷம் அலைந்தவள். அவளை ஹாலில் அத்தனை பேர் நடுவில் நிற்க வைத்து, ‘உங்க ஆய்வேட்டுல புள்ளியே இல்லையே அம்மா’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிரித்தார்கள் வேறு. தப்பு என்றால் தப்பு என்று சொல், எதற்குச் சிரிக்கிறாய்? நான் கேட்பது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் ஜன்னலோரம் வந்துகொள்ளுங்கள். எனக்குக் காற்று வேண்டாம், மடியில் லேப்டாப் இருக்கிறது, தூசி அடிக்கும். எங்கே, உடன்குடியா? நான் அருளூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்குகிறேன். அதுவரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அக்கா. விடுதியில் ஒருத்தியும் என்னுடன் பேசுவதில்லை. ஏன் என்று கேட்டால், ‘ஒண்ணுமில்லக்கா’ என்று வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போய்விடுகிறார்கள்.

என் பெயர் சண்முகவடிவு. கணினித் துறையில் ஆராய்ச்சி மாணவி. பெர்சிஸ் தமிழ்த்துறை. இரண்டு பேரும் ஒரே அறை. நான் பட்டிமன்றம் பேசுகிறவள், அவள் கேட்கிறவள். அதனால்தான் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

புள்ளி என்றால் வேறொன்றும் இல்லை. ‘க்’ என்று எழுதும்போது தலையில் ஒன்று வைக்கிறோமே, அதுதான். ஓலையில் எழுதின காலத்தில் பெரும்பாலும் வைக்கமாட்டார்களாம். அச்சு வந்த பிறகும் சில இடங்களில் அப்படியே விட்டுவிட்டார்களாம். இந்தப் பக்கத்தில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன அச்சுக்கூடம் இருந்திருக்கிறது. பெண்கள் படிப்பதற்கென்று ஒரு மாதப் பத்திரிகை போட்டிருக்கிறார்கள். பெர்சிஸ் அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முதல் மாதத்தில் புள்ளியே இல்லை. அப்புறம் ஒரு சொல் இன்னொரு சொல்லாகக் குழம்பிவிடும் என்கிற இடத்தில் மட்டும் புள்ளி. அந்த வருஷக் கடைசிக்குள் எல்லா இடத்திலும் புள்ளி.

‘யாரோ ஒரு ஆளுட்டி’ என்பாள். படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கண்ணெல்லாம் விரிய. ‘ஈய எழுத்தைக் கோத்துக்கிட்டு நின்ன ஏதோ ஒரு ஆளு. புதுசா வாசிக்கப் படிச்ச பொம்பளை இந்த இடத்துல தடுக்கி விழுந்துருவாளேன்னு யோசிச்சிருக்கான். எந்த இடத்துல வச்சான், எந்த இடத்துல வைக்கல, அதுல அவன் மனசு தெரியுது வடிவு.’

அவ்வளவுதான் அவள் ஆராய்ச்சி. அழகாக இல்லை? எனக்கு அப்போதே தோன்றியது, இவளுக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று.

அந்தப் பத்திரிகை முழுசாக, ஒரே புத்தகமாகத் தைத்து, இருப்பது ஒரே வீட்டில். அருளூரில் எபநேசர் ஐயா என்று ஒருவர். அவருடைய முப்பாட்டனார் அந்த அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவராம். மனிதர் லேசில் எதையும் தரமாட்டார். பெர்சிஸ் லீவு விட்டால் போதும், இதே பஸ்ஸில் ஏறிப் போவாள். அவருக்குக் கண் மங்கல். பேப்பர் வாசித்துக் காட்டுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், அவர் மகன் துபாயிலிருந்து பேசினால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் சொன்னேன், ‘உரிமையோட கேட்டு வாங்குட்டி. எதுக்கு இந்தக் குழையல்?’ அவள், ‘குழையல வடிவு. எனக்கு அவர்கூடப் பேசிக்கிட்டிருக்கப் பிடிச்சிருக்கு’ என்றாள். இப்படியும் ஒருத்தி!

கடைசியில் ஒரு நாள் அவராகவே துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அவள் துறையில் இருக்கிற ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாக, குழந்தையைக் குப்புறப் போடுகிற மாதிரிப் போட்டுப் போட்டு எடுத்தாள். எடுத்து முடித்ததும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாள். இதுவரைக்கும் சரி.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், படங்கள் மலை மாதிரி இருந்தன. பல்கலைக்கழகத் தளத்தில் அத்தனை பெரிய கோப்பை ஏற்றவே முடியாது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

என்ன? இல்லை, அவள் கேட்கவில்லை. கேட்கிற ரகம் இல்லை அவள். கேட்காமலே செய்வதுதானே அக்கா நட்பு?

என்னிடம் ஒரு கருவி இருக்கிறது. மௌஸால் தட்டுகிற சமாச்சாரம் இல்லை, பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத வேண்டும், அந்த வரிதான் சட்டம். என்ன செய்யும் என்றால், எலெக்‌ஷன் நேரத்தில் சுவரில் தகட்டை வைத்துச் சின்னம் அடிப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அந்தத் தகடு ஒரு அடுக்கு. அதன் வழியாக இறங்குகிற மை ஒரு அடுக்கு. அடியில் இருக்கிற சுவர் ஒரு அடுக்கு. ஒரு பழைய பக்கத்தை இப்படி மூன்றாகப் பிரித்துவிடலாம். எழுத்தின் வடிவம் மட்டும் தகடு, அது கூர்மையாக இருக்க வேண்டும். மையும் சுவரும் கொஞ்சம் மங்கினால் யாருக்கு என்ன? தனித்தனியாகச் சுருக்கி, அப்புறம் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தை என்று ஒரு வரி. பக்கம் எத்தனை அகலம், எத்தனை உயரம், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, தகடு இது, மை இது, தாள் இது. அவ்வளவுதான். மலை மாதிரி இருந்தது மடியில் வைக்கிற அளவுக்கு வந்துவிடும். பிரமாதமான கருவி அக்கா, நான் அதைக் குறை சொல்லமாட்டேன். இல்லை, சொல்வேன். சொல்லத்தான் போகிறேன்.

பெர்சிஸ் வந்து பக்கத்தில் நின்றாள். ‘ஏட்டி, ஒரு பக்கம் மட்டும் செஞ்சு காட்டேன். பார்த்துட்டு மத்ததைப் பண்ணலாம்’ என்றாள்.

‘உனக்கு என்மேல நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்டேன்.

அவள் பேசாமல் போய்விட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டால் எதிராளி பேசமாட்டார். மேடையில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய தாள் என்றால் அழுக்கு இருக்கும், ஈ உட்கார்ந்திருக்கும். கருவியின் கையேட்டில் ‘ஈ எச்சத்தை நீக்கும்’ என்று ஒரு வசதி போட்டிருந்தது. ஈ எச்சத்தை நீக்கினால் யாருக்கு நஷ்டம்? சேர்த்துக்கொண்டேன். அடுத்தது, அங்குலத்துக்கு எத்தனை புள்ளி. புள்ளி என்றால் ‘க்’கின் புள்ளி இல்லை, ஸ்கேனர் ஒரு அங்குலத்தை எத்தனை துணுக்காக நறுக்கிப் பார்க்கிறது என்கிற கணக்கு. பெர்சிஸ் முந்நூறில் எடுத்திருந்தாள். சீட்டில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தாள். பல்கலைக்கழக விதியில் ‘உயர்தரப் படங்களாக இருத்தல் வேண்டும்’ என்று இருந்தது. முந்நூறு என்று போட்டால் எவனாவது குறைச்சல் என்பான். அதனால் நான் ஆயிரத்து இருநூறு என்று போட்டேன். ஒரு எண்தானே? அவளுக்காகத்தான் கூட்டிப் போட்டேன், எனக்காகவா?

அந்தக் கருவி இருக்கிறதே, அது அந்த எண்ணை வைத்துத்தான் எது எழுத்து, எது ஈ எச்சம் என்று முடிவு செய்கிறது. ஆயிரத்து இருநூறு என்று சொன்னால், ‘ஓகோ, ரொம்ப நுணுக்கமாக நறுக்கியிருக்கிறார்கள், அப்படியானால் இந்தச் சின்னப் பொட்டெல்லாம் அழுக்குதான்’ என்று எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக, ஒன்று விடாமல், அத்தனை மெய்யெழுத்தின் தலையிலும் இருந்ததைத் துடைத்துவிட்டது. தகட்டில் அந்த ஓட்டைகள் மட்டும் அடைபட்டுப் போயின. நான் புள்ளியைக் கூட்டினேன், அது புள்ளியை எடுத்துவிட்டது.

நீங்களே சொல்லுங்கள், இது யார் குற்றம்? ஒருத்தி ஒரு எண்ணைச் சொன்னால் அப்படியே நம்பிவிடுவதா? தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா, உண்மைதானா என்று? என்னை நம்பச் சொல்லி நானா அதைக் கட்டாயப்படுத்தினேன்?

சரிபார்த்தேன் அக்கா! பார்க்காமல் விடுகிறவள் இல்லை நான். திறந்து நாலைந்து பக்கம் வாசித்தேன். சரியாகத்தான் வாசிக்க வந்தது. தமிழ் தெரிந்த கண்ணுக்கு என்ன கெட்ட பழக்கம் என்றால், இல்லாத புள்ளியையும் தானே போட்டுக்கொண்டு வாசித்துவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அப்புறம் சுருக்கின கோப்பைத் தளத்தில் நானே ஏற்றிவிட்டு, பழைய படங்களை அழித்தேன். அவை இருந்தது துறைக் கணினியில் மட்டும்தான், அங்கே இடம் இல்லை. ஒரே பண்டத்தை எதற்கு இரண்டு இடத்தில் வைத்திருப்பது? கூட்டிப் பெருக்கி வைத்தேன் என்று நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன்.

வாய்மொழித் தேர்வு அன்றைக்கு ஹால் நிறைந்துவிட்டது. அவள் அம்மா வந்திருந்தார்கள், சர்ச்சிலிருந்து நாலு பேர், எங்கள் விடுதிப் பிள்ளைகள் எல்லாரும். பெர்சிஸ் பேசினாள் பாருங்கள், அவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்கே தெரியாது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, ‘பின்னிணைப்பைத் திறங்க அம்மா, அந்தப் புள்ளிகளை நாங்களும் பார்ப்போம்’ என்றார்.

திரையில் பக்கம் வந்தது. பெரிதாக, சுவர் அளவுக்கு. அங்கே யாருக்கும் கண் ஏமாறவில்லை.

அந்த மனிதர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ‘அம்மா, உங்க ஆராய்ச்சியே புள்ளியைப் பத்தினது. இதுல ஒண்ணுகூட இல்லையே?’ என்றார். அதோடு விட்டாரா? தலைப்பை உள்ளபடியே வாசித்தார். பத்திரிகையில் இருந்தது ‘பெண்கல்வியினால் உண்டாகும் நன்மை’. அவர் வாசித்தது, ‘பெணகலவியினால உணடாகும நனமை.’

ஹால் முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் ஒருவன் விசிலே அடித்தான். அவள் அம்மா என்ன என்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்கள், பாவம். பெர்சிஸ் திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்துவிட்டேன். பார்வையாளர் பேசக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது, அதைப் பார்த்தால் முடியுமா? ‘ஐயா!’ என்றேன். ‘ஓலைச்சுவடியில புள்ளி இருந்துச்சா? நம்ம முன்னோர் வாசிக்கலையா? தமிழ் தெரிஞ்சவனுக்குப் புள்ளி எதுக்கு? அதில்லாமலே அர்த்தம் விளங்கும். புள்ளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?’

அப்படி ஒரு கேள்வி! நான் பேசினதிலேயே சிறந்த பேச்சு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

தேர்வாளர் பெர்சிஸ் பக்கம் திரும்பினார். ‘உங்க தோழி சொல்றது சரின்னா உங்க ஆய்வுக்கே தேவை இல்லையேம்மா’ என்றார். பாருங்கள், எப்படித் திரித்துவிட்டார்! அறிக்கையிலும் அதையே எழுதினார். ‘சான்றுகள் வாதத்தை ஆதரிக்கவில்லை.’ இந்த மாதக் கடைசிக்குள் சரியான படங்களுடன் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்து. அதோடு அவளுடைய பதிவுக்காலமே முடிகிறது. அதற்கப்புறம் கெஞ்சக்கூட இடம் இல்லை. இத்தனை வருஷமும் போய்விடும்.

அவள் நெறியாளர் செந்தாமரை அம்மா, ‘ஒண்ணும் பயப்படாதே, முதல்ல எடுத்த ஸ்கேன் இருக்குல்ல?’ என்று கேட்டார்கள். பெர்சிஸ் மறுபடி என்னைப் பார்த்தாள். அதுதான் அவள் என்னைக் கடைசியாகப் பார்த்தது.

அழித்ததை மீட்கப் பார்த்தேன் அக்கா. அதற்கும் கருவிகள் இருக்கின்றன. ஒன்றும் தேறவில்லை. அந்த இடத்தில் யாரோ கல்லூரி விழா வீடியோவை ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கே புள்ளி வர வேண்டும் என்றுதான் தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரியுமே? ஒரு நிரல் எழுதினால் அதுவே எல்லா இடத்திலும் புள்ளியை வைத்துவிடும். செந்தாமரை அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ‘எந்த இடத்துல இல்லைங்கிறதும்தாம்மா அவ ஆராய்ச்சி’ என்றார்கள். ‘நீ கொஞ்சம் சும்மா இரேன்’ என்றார்கள். சும்மா இருந்தால் யார் செய்வது?

பெர்சிஸ் பையைத் தூக்கிக்கொண்டு விடுதியை விட்டுப் போய்விட்டாள். போன் எடுப்பதில்லை. வீட்டுக்குப் பேசினால் அவள் அம்மா, ‘அவ இங்க இல்லம்மா’ என்று வைத்துவிடுகிறார்கள். நான் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். ஏன் இது கருவியின் பிழை, ஏன் தேர்வாளரின் பிழை, விதியில் எங்கே ஓட்டை, மேல்முறையீடு எப்படி எழுதலாம் என்று பத்தி பத்தியாக. வாசித்துவிட்டாள் என்று நீலக் குறி விழுகிறது. பதில் வரவில்லை. முன்பெல்லாம் என்னமாய் அனுப்புவாள்! ஒன்றின் முடிவிலும் முற்றுப்புள்ளி இருக்காது. ‘இவ்வளவு புள்ளிப் பைத்தியம், உன் மெசேஜ்ல மட்டும் புள்ளி கிடையாதா?’ என்று கேலி செய்வேன். ‘அது கதவைச் சாத்துற மாதிரி இருக்குட்டி. சிநேகிதிக்கு யாராவது கதவைச் சாத்துவாங்களா?’ என்பாள்.

இல்லை, அழவில்லை. காற்று. கொஞ்சம் கண்ணாடியைச் சாத்துங்கள்.

கடைசி வழி எபநேசர் ஐயாதான். புத்தகம் மறுபடி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும். நான் போன் போட்டேன். பெர்சிஸுக்குச் சொல்லாமல்தான் போட்டேன். காரியம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று.

‘முதல்ல எடுத்ததெல்லாம் என்னம்மா ஆச்சு?’ என்றார்.

‘அது டெக்னிக்கல் விஷயம் ஐயா, உங்களுக்குப் புரியாது’ என்றேன்.

‘புரியாதவன்கிட்ட எதுக்கும்மா கேக்க? அந்தப் பிள்ளை எங்க? அது வரட்டும், பேசிக்கிடலாம்.’

‘அவ எதுக்கு வரணும்? அது உங்க வீட்டுச் சொத்து இல்லைங்கய்யா. தமிழ்ச் சமூகத்தோட சொத்து. நீங்க தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போடுவேன்.’

‘எம்மேலயா?’ என்றார். ‘வைம்மா போனை.’

வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. வாதத்தில் தோற்றவர்கள் போனைத்தான் வைப்பார்கள். ஆனால் அக்கா, மாதம் முடியப் போகிறதே. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கட்டில் காலியாகக் கிடக்கிறது. அவள் சீட்டு இன்னும் என் மேசையில் ஒட்டியிருக்கிறது, ‘300, மறந்துராத’ என்று. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை.

அதனால்தான் நேரிலேயே போகிறேன். போனில் முகம் தெரியாது. நேரில் உட்கார்ந்து ஒவ்வொரு பாயிண்டாக எடுத்து வைத்தால் அவர் ஒத்துக்கொள்ளாமல் எப்படிப் போவார்? பொதுநலன் ஒன்று, ஆவணப் பாதுகாப்பு இரண்டு, பெண்கல்வி மூன்று. குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். கேமரா கொண்டுவந்திருக்கிறேன். கருவிக்கான வரிகூடத் தயார். இந்தத் தடவை சரியான எண். பஸ் ஏறினதும் பெர்சிஸுக்கும் அனுப்பிவிட்டேன், ‘அருளூர் போய்க்கிட்டிருக்கேன். ஐயாகிட்ட நானே பேசி முடிச்சுருவேன். நீ கவலைப்படாதே’ என்று.

என்ன பார்க்கிறீர்கள்? போகக் கூடாது என்கிறீர்களா? நீங்களும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். எல்லாரும் என்னை இப்படித்தான் பார்க்கிறார்கள். நான் யாருக்காக இத்தனையும் செய்கிறேன்? எனக்கென்று ஒரு வரி கேட்டேனா? நன்றியுரையில் என் பெயரைக்கூடப் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள்தான் போட்டாள், முதல் பெயராக.

வேகம் குறைகிறது. விலக்கு வந்துவிட்டது போல, கண்டக்டர் கூப்பிடுகிறார். ‘அருளூர் விலக்கு யாரும்மா? எந்திரிச்சு முன்னால வா.’ நான்தான் அண்ணே! வாரேன், ஒரு நிமிஷம். இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள் அக்கா, வயர் சிக்கிக்கொண்டது.

ஐயோ, போன். அவள்தான். பெர்சிஸ்! அக்கா, பெர்சிஸ் பதில் போட்டிருக்கிறாள்! நான் சொன்னேன் இல்லையா, அவள் போடுவாள் என்று? படம் வேறு அனுப்பியிருக்கிறாள். இதைப் பாருங்கள், பத்திரிகைப் பக்கம், அதே பக்கம். பெண்கல்வி. தலையில் புள்ளி, பாருங்கள், கறுப்பாக, எவ்வளவு துலக்கமாக! இருங்கள் அண்ணே, இறங்குகிறேன், ஒரே நிமிஷம், வாசித்துவிட்டு இறங்குகிறேன். கேளுங்கள் அக்கா, உங்களுக்கும் சேர்த்துத்தான், ஒரு புள்ளிகூட விடாமல் வாசிக்கிறேன்:

‘வடிவு. நான் ஐயா வீட்டுலதான் இருக்கேன். புத்தகத்தை வெளிய தரமாட்டேன், இங்கயே வச்சு எடுத்துக்கோன்னு சொல்லிட்டாரு. பாதிக்கு மேல எடுத்தாச்சு. எல்லாப் புள்ளியும் இருக்கு. நீ இறங்காத.’